கொலைக்கதை பூங்கொடி

பூங்கொடி இறந்த செய்தி என் மனைவி சரஸ்வதி மூலமாகத்தான் எனக்கு வந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அவரோடு ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். கொலையை எழுதியே தலை நரைத்தவன். சரஸ்வதிக்கோ, அடுப்படியில் அவருடைய யூடியூப் சானலை ஓடவிட்டுக் கேட்பதைத் தவிர அவரோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவள் எனக்கு முன்பே தெரிந்துகொண்டு வந்து நின்றாள். "கொலைக்கதை அக்கா போயிட்டாங்களாமுங்க. நெஞ்சு வலியாமா." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுதிய ஒரு வரிக்கும் அவள் அழுது பார்த்ததில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் குரலை மட்டும் அறிந்தவர்கள். ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு கிடக்கும் திருச்செங்கோட்டுப் பையன்களுக்கு அந்தக் குரல்தான் ஊர். எனக்கு ஆளையே தெரியும் என்பதால் இந்த அஞ்சலியை எழுதச் சொன்னார்கள். பொறாமையோடுதான் எழுதுகிறேன். அதை மூடி மறைத்து எழுதினால் போட்டோவிலிருந்து அவரே சிரிப்பார்.

சேலத்தில் ஒரு மாலைப் பத்திரிகையில் நான் குற்றச் செய்தியாளன். அவர் பிழை திருத்துபவர். இளம்பிள்ளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எழுத்துப் பிழை பார்ப்பதோடு நிற்க வேண்டியவர், என் செய்திகளில் கொடூரன், வெறியன், காமுகன் என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கோடு போட்டு அடித்துவிடுவார். ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பேனாவை மூடாமல் சொன்னார்: "கொலைகாரரை முதல் வரியிலயே கொடூரன்னு எழுதிப்போட்டா, அப்பறம் ஆருங்ணா கடைசி வரைக்கும் உங்ககூட வருவாங்க?" ஆசிரியர் அதைக் கேட்டுக்கொண்டே போனார். மறுநாளிலிருந்து பூங்கொடி அடித்தது அடித்தபடியே அச்சானது. செய்தி இப்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் நன்றி சொல்லிக்கொண்டேன், வயிற்றெரிச்சலோடு.

பத்திரிகை நின்றுபோன பிறகு நான் மாத நாவல் எழுதப் போனேன். அவரோ தன் கணவர் ஆறுமுகத்தின் சேலை குடோனில் உட்கார்ந்து, செல்போனில் கொலைக்கதை சொல்லத் தொடங்கினார். சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் எதிரொலி வராதாம். நான் ஏளனமாகச் சிரித்தேன். சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். இறங்கும் இடம் வந்து பணத்தை நீட்டினால் ஓட்டுநர் வாங்கவில்லை. "கொஞ்சம் இருங்க சார், இப்பத்தான் கதவைத் தட்டறாரு" என்றார். போனில் பூங்கொடி கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்து, கத்தி இறங்கி, ரத்தம் வாசற்படி தாண்டும் வரைக்கும் நான் பணத்தைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தவரைப் பார்த்து ஓட்டுநர் கையைக் காட்டி அமர்த்தினார். என் நாவல் ஒன்று அதே தெருக் கடையில் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது, போன மாதத்திலிருந்து.

எப்படி இது என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பயப்படறதுக்காக ஆருங் கேக்கறதில்லீங்ணா. நாம மனசுல நெனச்சு, பண்ணாம உட்டத ஒருத்தரு பண்ணிப்போட்டாரே, அவரு எப்படித்தான் இருப்பாருன்னு எட்டிப் பாக்கறாங்க. அவ்வளவுதானுங்." இருபது நாவல் எழுதியும் எனக்குத் தோன்றாதது அது.

இனி செல்வராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராசிபுரம் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரன் அவன். கூட்டாளியைச் சாப்பாட்டில் விஷம் வைத்துக் கொன்றான். பார்க்கக் களையான ஆள். வாய்தாவுக்கு அழைத்து வரும் நாளில் கோர்ட் வளாகம் பெண்களால் நிறைந்துவிடும். ஒருத்தி டிபன் கேரியரோடு வந்து போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மன்மத மாஸ்டர் என்று அவனுக்குப் பேர் வைத்தவன் நான்தான். அந்தப் பேருக்காகவே பேப்பர் விற்றது. ஆனால் ஏன் கொன்றாய் என்று கேட்டதற்கு அவன் போலீஸிடமும் சொல்லவில்லை, நீதிபதியிடமும் சொல்லவில்லை, தனக்காக வாதாடிய வக்கீலிடமும் சொல்லவில்லை. வாய் திறந்திருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்றார்கள். ஆயுள் தண்டனையை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனான். என் வாழ்நாள் புத்தகம் அவனைப் பற்றியதுதான் என்று அன்றே முடிவு செய்தேன். அந்த ஒரு காரணம் மட்டும் கிடைத்தால் போதும்.

அவன் விடுதலையாகி வந்ததும், அவன் அக்கா வேண்டுதலை நிறைவேற்றக் கருப்பனார் கோயிலில் கெடா வெட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். வாயை விட்டு அதைப் பூங்கொடியிடம் சொல்லித் தொலைத்தேன். "நானும் வாரேனுங்ணா" என்றார். கூட ஒரு பெண் இருந்தால் அவன் கொஞ்சம் இளகுவான் என்று கணக்குப் போட்டு, வாடகைக் காரில் அவரையும் ஏற்றிக்கொண்டேன்.

கோயிலில் போய்ப் பார்த்தால், அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நிற்பது செல்வராசு. தனக்காக வைத்த வேண்டுதலுக்குத் தானே சமைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தானாம். பந்தி போட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது, கறிக்குழம்பு விழுந்தது. ஒருவர் கையும் இலைக்குப் போகவில்லை. பக்கத்து இலையை ஒருவர் பார்க்க, அவர் அடுத்த இலையைப் பார்க்க, பந்தி முழுக்கத் தண்ணீர் டம்ளரைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்போது பூங்கொடி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு நிமிர்ந்து, "மாஸ்டர், இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க. கறி நல்லா வெந்துருக்குது" என்றார். பந்தியே மூச்சு விட்டது.

நான் உட்காரவே இல்லை. "எனக்கு இன்னைக்குக் கிருத்திகை விரதம்" என்றேன். செல்வராசு என்னை நிதானமாகப் பார்த்து, "கிருத்திகையன்னைக்கு ஆருங்க கெடா வெட்டுவாங்க?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போன் வந்தது போல் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போய் உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்து அவர்கள் இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பூங்கொடியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எதிரில் அவன் முகம். தலை குனிந்தே இருந்தான். ஒருமுறை துண்டால் கண்ணைத் துடைத்தான். சொல்கிறான், எல்லாவற்றையும் சொல்கிறான் என்று எனக்கு உள்ளே எரிந்தது. எனக்கென்று நான் வளர்த்து வைத்திருந்த மனுசன், ஒரு வாய் சோற்றுக்கு அவரிடம் போய்விட்டான்.

திரும்பும்போது மல்லூர் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "பேசீட்டிருந்தமுங்ணா." "அதான், என்ன?" "அது எழுதறதுக்கு இல்லீங்ணா, உடுங்க."

விட முடியவில்லை. தன் சானலுக்காகப் பதுக்கி வைக்கிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு கதையையும், சரஸ்வதிக்குத் தெரியாமல், காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். யார் யாரோ யாரையோ கொன்றார்கள். செல்வராசு மட்டும் வரவில்லை. பொங்கலுக்குப் போனில் பேசினாலும் கேட்பேன், யார் கல்யாணத்தில் பார்த்தாலும் கேட்பேன். போன வருடம் கோபப்பட்டே கேட்டேன். "அது கதையில்லீங்ணா" என்றார், இருமிக்கொண்டே. என் புத்தகம் முதல் அத்தியாயத்தோடு நிற்கிறது.

துக்கத்துக்கு இளம்பிள்ளை போனேன். தெரு முழுக்க ரிக் வண்டிக்காரர்கள். கொலைக்கதை கேட்டே பழகியவர்களுக்குச் சாதாரணச் சாவில் நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்க, சந்தேகம் ஏதும் இருக்குதுங்களா? சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்று ஆறுமுகத்தின் கையைப் பிடித்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "இல்ல சாமி, நெஞ்சு வலிதான்" என்று அவர் அழுதபடியே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இந்த மாதிரி நாலு பேர் சந்தேகப்பட வருவார்களா என்று யோசித்தேன்.

செல்வராசுவும் வந்திருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அப்படியும் துக்க வீட்டுப் பெண்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றான். இனி இழக்க என்ன இருக்கிறது என்று பக்கத்தில் போய் நேராகவே கேட்டேன்.

"அன்னைக்குப் புளியமரத்தடியில அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "நானா? நான் என்னத்தைங்க சொன்னேன்? நான் வாயே தொறக்கல. அந்தம்மாதான் பேசுச்சு."

"அவங்க என்ன பேசுனாங்க?"

அவன் துக்க வீட்டுப் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: "ஊட்லகூட ஆருக்குந் தெரியாதுன்னுச்சு. இத்தனை வருசமா உள்ளயே வெச்சிருந்ததாமா. நீங்க தூக்குக்கே போறதுனாலும் வாயத் தொறக்காத ஆளு, அதனால உங்ககிட்டச் சொல்றேன்னுச்சு. சொல்லி முடிச்சுப்போட்டு, இப்பத்தானுங் லேசா இருக்குதுன்னுச்சு."

"அது என்ன விஷயம்?"

செல்வராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

எதிரெதிர் மேசையில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தோம். என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார். என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று அந்தத் தெருவிலேயே நின்று குமுறினேன். சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பேன். பேரை மாற்றி, ஊரை மாற்றி, எழுதித்தான் இருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பூங்கொடியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஏசி ஓடும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து நான் பார்த்த அவருடைய முதுகும், பேசப் பேச நிற்காமல் அசைந்துகொண்டிருந்த வலது கையும். அந்தக் கையை அன்றே பார்த்தேன். ஆனால் நான் கவனித்ததெல்லாம் கொலைகாரனின் முகத்தைத்தான்.