சரிவாக வெட்டிய எழுத்துகள்

கணினி வகுப்பு நடத்திய சேர், என் அக்காவின் எழுத்தைத் திருடியது நீங்கள்தான். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

கேகாலைப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். லயத்தில் ஒரு வீட்டில் கேட்ட கேள்விக்கு நாலாவது வீட்டிலிருந்து பதில் வரும். அதனால்தான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அக்கா எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு பாஷை உண்டாக்கினாள். அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. சொல்லெல்லாம் அவளே கட்டியது. மழையால் அப்பாவின் பால்வெட்டு வேலை நின்றுபோன காலைக்கு அதில் ஒரு சொல் உண்டு. அப்பா வீட்டில் இருக்கிறார் என்ற சந்தோஷமும் அன்றைய சம்பளம் போயிற்று என்ற கவலையும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கும். பிறகு எழுத்தும் செய்தாள். இறப்பர் மரத்தில் வெட்டும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் அல்லவா, அவளுடைய எழுத்தெல்லாம் அப்படியே சரிந்து நிற்கும். வசனம் முடிகிற இடத்தில் பால் ஏந்தும் சிரட்டை ஒன்று தொங்கும்.

அந்த எழுத்து போனில் தட்டினால் வர வேண்டும் என்பது அவள் ஆசை. அப்போது அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறி வரக்காப்பொலைக்கு, உங்கள் வகுப்புக்கு வருவோம். அவள் வரைந்து தந்த ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் திரையில் ஏற்றுவீர்கள். அவள் பக்கத்தில் நின்று, இங்கே இறக்குங்கள், அங்கே மெலிசாக்குங்கள் என்று விரலால் காட்டுவாள்.

"எல்லாம் விழப்போற மாதிரி இருக்கே தங்கச்சி, நிமித்தி விடுவோமா?" என்று அக்காவிடம் கேட்டீர்கள்.

"நேரா வெட்டினா பால் வடியாதுங்க சேர்."

"அப்ப கீபோர்டுக்குக் கீழ ஒரு வாளி வைப்போம்."

நானும் சிரித்தேன். எழுத்துரு முதன்முதலாக வேலை செய்த அன்று, அக்கா அந்த மழைக்காலைச் சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதன் பிறகு நீங்கள் வகுப்பை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போனீர்கள். போன் எடுக்கவில்லை.

போன மாதம், சொந்தமாக மொழி உண்டாக்குகிறவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் அக்கா சேர்ந்தாள். தன் எழுத்தில் நாலு வரி போட்டாள். உடனே பாய்ந்தார்கள். அதே எழுத்துரு உங்கள் பெயரில், நீங்கள் உண்டாக்கியதாகச் சொல்லும் ஏதோ ஒரு மொழிக்காக அங்கே முன்பே கிடந்தது. சரிவு மழைச்சாரலாம், சிரட்டை பிறை நிலாவாம். ஒருவர் அக்காவைத் திருடி என்று எழுதினார். அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் நீங்களும் ஒருவர். பிறகு அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

இப்போது நான் அந்தப் பாஷையில் பேசினால் அக்கா தமிழில் பதில் சொல்கிறாள். "விடுடி, நமக்கு எதுக்கு வம்பு" என்கிறாள். நான் விடுவதாக இல்லை. ரம்புக்கனையில் உங்கள் மாமனார் கடைக்குப் போய், சாமான் வாங்க நின்றவர்கள் முன்னால் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் தலை குனிந்ததைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது.

அன்று மாலையே உங்கள் செய்தி வந்தது: "தங்கச்சி, நாம பேசித் தீர்த்துக்குவோம், போன் கோல் எடுங்க."

எடுக்க மாட்டேன். அவளைத் திருடி என்று சொன்ன அதே இடத்தில், அதே ஆட்கள் பார்க்க, அந்த எழுத்தை வரைந்தது யார் என்று எழுதுங்கள் சேர். அவளுடைய முழுப்பெயர் உங்களுக்குத் தெரியும். அதைப் போட்டு எழுதுங்கள்.