லீவு என்றது ஆப், நின்றது பஸ்

உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவள் நான். பஸ்ஸுக்கான ஆப்பைப் புதுப்பித்தார்கள், அன்றே பிடித்தது சனி. எதை அழுத்தினாலும் என் பெயருக்கு நேரே 'விடுப்பு' என்றே வந்தது. மூன்று முறை புகார் செய்தும் 'விரைவில் சரியாகும்' என்ற அதே பதில்தான். விடுப்பு என்றிருந்தால் அந்த ஸ்டாப்பில் பஸ் நிற்காது. தினமும் பஸ்ஸில் வரும் யாருக்காவது போன் போட்டு, நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

வேலை நிரந்தரத்துக்கான தேர்வு நாளன்று, பஸ் என் ஸ்டாப்பைக் கடந்துவிட்டதாகவும் அதே ஆப் காட்டியது. அதை நம்பி, டவுன் பஸ்ஸாவது கிடைக்குமா என்று அழாத குறையாக ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ஸ்டாப்பில் கம்பெனி பஸ் நின்றுகொண்டிருந்தது!

"நான் லீவுன்னுதானே காட்டியிருக்கும், எப்படிண்ணா நின்னீங்க?" என்றேன் டிரைவரிடம்.

"பரீட்சை, பரீட்சைன்னு ஒரு வாரமா புக்கும் கையுமா வந்த. இன்னிக்குப் போயி லீவு போடுவியாம்மா? ஏறு, டைம் ஆவுது."

பிரமித்துப்போய் உட்கார்ந்தேன். ஐம்பது பேர் ஏறி இறங்கும் பஸ்ஸில் என்னை இவ்வளவு அறிந்திருக்கிறார். மூன்று வருடமாக அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றுதான் கேட்டேன்.

இப்போது ஆப் ஒழுங்காக வேலை செய்கிறது. இருந்தாலும், லீவு போடுவதென்றால் முந்தின நாளே மாதேஷ் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன். சொல்லாவிட்டால், அவர் எனக்காக நின்றுகொண்டிருப்பார்.