ஆன்டெனாவைத் திருப்பிய வெள்ளிக்கிழமைகள்

கூரைமேல் ஒரு மீன் முள். மழையில் நனையும், மக்காது. காக்கை உட்காரும், கொத்தாது. வடக்கே பார்த்தால் மலையாளம் பேசும். தென்கிழக்கே பார்த்தால் தமிழ் பேசும். அது என்ன?

எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் குடியிருந்தவர்கள் புதிர் முடியும் முன்பே விடை சொல்லிவிடுவார்கள். சொல்லும்போதே கை தானாகப் பிடரியைத் தடவும், அண்ணாந்து பார்த்த வலி அப்படி. டி.வி. ஆன்டெனாதான்.

டி.வி. பார்ப்பது ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். எனக்கு அது தொழில்தான், அதுவும் உட்காரவே விடாத தொழில். ஒரு தமிழ் மாதப் பத்திரிகையில் பல வருடம் சிறுவர் பக்கத்தை நான் கவனித்துக்கொண்டேன். புதிர், படக்கதை, கடிதங்கள் போக மிச்சமிருந்த இடத்தில் 'திரையில் பார்த்தது' என்று ஒரு பகுதி. எந்த நாடகம் நல்லது, எந்தப் பாத்திரத்தை நம்பலாம் என்று குழந்தைகளுக்கு எழுத வேண்டும். எங்கள் ஊர் நிலையத்தில் மலையாளமும் இந்தியும்தான் வரும். தமிழ் வேண்டுமென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலிருந்து கசிந்து வருவதைப் பிடிக்க வேண்டும்.

அப்படிப் பிடித்ததுதான் வெள்ளிக்கிழமை ஆறரை மணி நாடகம். கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு தபால்காரர். அவர் பையில், முதல் வாரத்திலிருந்து யாரிடமும் கொடுக்காத ஒரு நீளக் கவர். அது யாருக்கு? என் பக்கத்தைப் படித்த குழந்தைகள் எட்டு மாதம் இதையேதான் கேட்டார்கள். "முடிவைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அச்சிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் நிம்மதியாக இருந்ததில்லை.

மூன்று பேர் வேலை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாய், அதன் நுனியில் ஆன்டெனா. என் கணவர் மராமத்து ஆபீஸில் வரைபடம் போடுகிறவர். குழாயின் அடியில் நீலப் பெயின்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்: ஒன்று வடக்கு, ஒன்று தென்கிழக்கு. வடக்குக் கோட்டில் நிறுத்திவிட்டால் உள்ளூர் நிலையம் கண்ணாடி மாதிரி வரும், பிறகு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். தென்கிழக்கு அப்படியில்லை. காற்று ஒரு விரற்கடை தள்ளினால் இலங்கை போய்விடும். அரைமணி நேரமும் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாக வேண்டும்.

அது அவர் வேலை. பிரம்பு நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னல் திட்டில் எங்கள் பெண் கௌரி நிற்பாள். அப்போது நாலாம் வகுப்பு. திரையை ஒரு தரம் பார்ப்பாள், கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி மேலே கத்துவாள்.

"வந்துடுத்தா?"

"மூஞ்சி வந்துடுத்து, சத்தம் வரலைப்பா!"

"இப்போ?"

"சத்தம் வந்துடுத்து, மூஞ்சி போயிடுத்து!"

"எது வேணும்னு அம்மாவைக் கேளு!"

எனக்கு இரண்டும் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நானும் ஜன்னலுக்கு ஓடுவேன். ஓடிய நேரத்தில் முகமும் சத்தமும் சேர்ந்து வந்து போயிருக்கும். பக்கத்து வீட்டு சாரதா சேச்சி, டி.வி. இல்லாததால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர், முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "படம் காணான் ரெண்டு கண்ணு போதும்னு நினைச்சேன். இங்கே மூணு ஆள் வேணும், அல்லே?"

முகம் தெரியாத நாயகன்

எத்தனையோ வருடம் எத்தனையோ நாடகம் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்தத் தபால்காரர்தான். அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை. திரையில் எப்போதும் பஞ்சு பறக்கும். அதற்குள் ஒரு தொப்பி, ஒரு சைக்கிள், ஒரு பை. மீசை உண்டா இல்லையா என்பது எனக்கே தெரியாது. கேட்டு எழுதிய குழந்தைகளுக்கு "உண்டு போலிருக்கிறது" என்று பதில் போட்டேன். சிறுவர் பக்கத்தில் 'போலிருக்கிறது' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. வேறு வழியில்லை.

ஏன் பிடிக்கும் என்றால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைக்கிளை விட்டு இறங்குவார். தெரிந்த வீடானாலும் கவர் மேலிருக்கும் பெயரை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தைப் படித்தும் காட்டுவார். அடுத்த வீட்டில் "அங்க என்ன சேதி?" என்று மடக்கினால், "நான் காதைக் கொண்டுவரேல்லை" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விடுவார். அந்த ஒரு வசனத்துக்காக நான் எத்தனை பஞ்சு வேண்டுமானாலும் பார்க்கத் தயார். இலங்கையிலிருந்து வந்த செய்திகள் நன்றாக இல்லாத காலம் அது. சில வெள்ளிக்கிழமை நாடகம் வராமல் வெறும் வாத்தியம் மட்டும் வரும். அன்றெல்லாம் நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

என் கணவர் மாடியிலேயே நின்றதால் தபால்காரரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக மேலே வரும் குரல்தான் அவருக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது, "அவர் எப்படி இருப்பார்னு நெனைக்கறேள்?" என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை. "தெனம் படியேறி எறங்கற மூஞ்சி. என் மூஞ்சிதான்" என்றார்.

வெள்ளை நாய்

தபால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாய் ஓடுவதை நான் மூன்றாவது வாரமே கவனித்து எழுதினேன். சைக்கிள் நின்றால் அதுவும் நிற்கும். சில சமயம் முன்னாலும் ஓடும். அன்றைக்கு அதற்கு உற்சாகம் என்று எழுதினேன். குழந்தைகள் அதற்கு மணி என்று பெயர் வைத்தார்கள். மணிக்குக் காது நீளமா, வால் சுருளா என்று படம் வரைந்து அனுப்பினார்கள். நல்ல படங்களைப் பக்கத்தில் போட்டேன்.

மழைக்கு முன்னால் புழுக்கமான ஒரு மாலை. அந்த மாதிரி நாளில் இலங்கை அதிசயமாகத் தெளிந்து வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அன்று திரையில் பஞ்சே இல்லை. தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு தபால்காரர் வந்தார், சைக்கிள் வந்தது, தோளிலிருந்து தொங்கிய வெள்ளைத் துணிப்பை சக்கரத்தோரம் ஆடியது. நாய் இல்லை. கௌரி ஜன்னலிலிருந்து, "அப்பா, கொஞ்சம் திருப்புங்கோ!" என்றாள். அவர் திருப்பினார், படம் இரட்டையாயிற்று, பையின் வலப்பக்கம் தரையோரமாக இன்னொரு பை தோன்றிக் கூடவே ஓடியது. அதுதான் மணி. அவர் இடப்பக்கம் போனால் பின்னால் ஓடும், வலப்பக்கம் போனால் முன்னால் ஓடும்.

மறுநாளே பத்திரிகை ஆபீஸுக்குப் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றேன். தவறு என்றால் திருத்த வேண்டும், அது என் வழக்கம். ஆசிரியர் மேஜைமேல் கிடந்த நாய்ப் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போ போய் நாய் இல்லேன்னு சொன்னா பிள்ளைகள் தாங்காது. லீவு குடுத்து அதோட மாமா வீட்டுக்கு அனுப்பி வெச்சுடுங்கோ."

மூன்று குற்றவாளிகள்

புதன்கிழமை இந்தியில் ஒரு துப்பறியும் இன்ஸ்பெக்டர் வருவார். எனக்கு அவரைப் பிடிக்காது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார். எங்கள் எல்லாருக்கும் இந்தி அரைகுறை. நான் பார்த்தவரையில் திருடியது தோட்டக்காரர். சாரதா சேச்சிக்கு மருமகன்மேல்தான் சந்தேகம். என் கணவர் வக்கீல் என்று அடித்துச் சொன்னார். நிகழ்ச்சி முடிந்த பிறகும் எங்களுக்குள் முடிவாகவில்லை, மூன்று பேரும் விளம்பரம் முழுக்க எழுந்து நின்று வாதாடினோம். மறுநாள் மாலை அவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "எங்க செக்ஷன்ல நாலாவதா ஒருத்தனைப் பிடிச்சிருக்கா."

சாவிக்கொத்து அம்மாயி

உள்ளூர் நிலையத்தில் ஒரு மலையாள நாடகம் வந்தது. பெரிய தறவாட்டு வீடு, பரம்பரைக் கூட்டுக்குடும்பம், அதில் எல்லா அறைச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அம்மாயி, அதாவது மாமன் மனைவி. யார் எங்கே போக வேண்டுமென்றாலும் அவள் திறந்துவிட வேண்டும். கெட்டவள் என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, கெட்டவள்தான், ஆனாலும் வேலைக்காரி மட்டுமே அவளுக்குப் பயப்படாததைக் கவனியுங்கள் என்று எழுதினேன். நல்ல பாத்திரம் என்றால் ஒரே இதழில் முடியக் கூடாது. சாரதா சேச்சி வீட்டு ஆட்கள் நாலு பேரும் பாயைக் கையோடு எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அம்மாயி வந்தாலே சேச்சி பல்லைக் கடிப்பார். "பிடிக்காட்டா ஏன் பாக்கறேள்?" என்றால், "அவள் ஒருநாள் அந்தச் சாவியைத் தொலைக்கணும். அதைக் காணாம நான் போமாட்டேன்" என்பார்.

இதுவரையில் வம்பில்லை. திடீரென்று அந்த நாடகத்தை வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மாற்றினார்கள். ஒரே ஆன்டெனா, ஒரே அரைமணி. ஒரு வெள்ளி வடக்கு, ஒரு வெள்ளி தென்கிழக்கு என்று பங்கு போட்டோம். வடக்கு முறை வந்த நாட்களில் எனக்கு உட்காரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. கவரை இன்றைக்குக் கொடுத்துவிட்டாரோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் கௌரியிடம் ஒரு கேள்வி கேட்டேன். தபால்காரர், அம்மாயி, இன்ஸ்பெக்டர், இவர்களில் யாரை ரொம்பப் பிடிக்கும்? அவள் சொன்ன பதில் அழகாக இருந்ததால் கட்டம் கட்டிப் பக்கத்தில் போட்டேன். "எனக்கு எல்லாரையும் பாதி பாதிதான் தெரியும்."

கடைசி வெள்ளி

எட்டாவது மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு அறிவிப்பு வந்தது. தபால்காரர் நாடகம் வரும் வெள்ளியோடு நிறைவு. அம்மாயி நாடகமும் வரும் வெள்ளியோடு நிறைவு. முறைப்படி அது யாருடைய வெள்ளி என்பதில் தகராறு. நடுவில் ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் போயிருந்தது. அது யார் கணக்கில் சேரும்?

வெள்ளியன்று ஆறு மணிக்கே பாய் விரிந்துவிட்டது. சாரதா சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு அவள் சாவி போகும். ஒரு தடவை விட்டுத் தா, மோளே."

"சேச்சி, நான் குழந்தைகளுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அச்சுல இருக்கு."

"குழந்தைகள்ட்ட சொல்லு, எங்க சேச்சி விடல்லேன்னு."

மாடிப்படியில் ஸ்பானரும் கையுமாக நின்றிருந்த என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷந்தான் இருக்கு. யாராவது ஒருத்தர் ஒரு திசையைச் சொல்லுங்கோ. நான் ஏறணுமா, வேண்டாமா?"

கௌரி சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். அவள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. "குட்டி சொன்னா எனக்கு சம்மதம்" என்றார் சேச்சி. எனக்கும் சம்மதம். எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டு மாதமாகத் தபால்காரரை "வந்துடுத்து, வந்துடுத்து" என்று கூவி அழைத்தவள் அவள்தானே.

கௌரி வழக்கம்போல ஜன்னல் திட்டில் ஏறி நின்றிருந்தாள். எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"இப்போ ஆன்டெனா எந்தப் பக்கம் இருக்கு?"

"வடக்கு" என்றார் அவள் அப்பா.

"வடக்குன்னா நான் இங்கே நிக்க வேண்டாமோ?"

"வேண்டாம்."

"அப்போ வடக்கு."

திட்டிலிருந்து குதித்து இறங்கி நேரே என் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் வந்தாள். வந்து, நான் எழுந்திருக்கும்வரை நின்றாள். எழுந்தேன். நோட்டுப் புத்தகத்தை மூடி, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். அம்மாயியின் சாவிக்கொத்து அன்று கிணற்றில் விழுந்தது. சேச்சி கை தட்டினார்.

நீளக் கவர் யாருக்குப் போயிற்று என்பது எனக்குத் தெரியாது. அந்த மாதப் பக்கத்தில் "நான் பார்க்கவில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று எழுதினேன். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. பாதிப் பேர் கவரை மணியிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு கார்டில், "மாமா வீட்டிலிருந்து அது எப்போது வரும்?" என்று மட்டும் இருந்தது.

எந்த நாடகம் வேண்டும் என்று பெரியவர்கள் மூன்று பேர் கூடிக் கேட்டோம். கௌரி நாற்காலியைத் தேர்ந்தெடுத்தாள்.