ஆயில் வலையில் நீலக் கசடு

ஓடைப்பட்டி வீட்டிலேயே பிரித்துப் பூட்டிய என் கார் எஞ்சினில், ஆயில் பிரஷர் குறைவு என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் பாதிகூட ஏறவில்லை. கோம்பையிலிருந்து வந்து பேரிங் மாட்டிக் கொடுத்த மச்சினனைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“அளவு பாத்துத்தான் மாட்டுனேன் மாமா” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அடியில் இருக்கும் ஆயில் சட்டியைக் கழற்றினேன். ஆயிலை உறிஞ்சும் வலை முழுக்க நீலம் பாய்ந்த சுண்ணாம்புக் கசடு அடைத்து, ஆயில் மேலே ஏற வழியில்லை. பூட்டும் முன் எஞ்சின் பாகங்களைக் கழுவியது நான்தான், திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற ஸ்பிரேயரால். அவசரத்தில் அதன் டேங்கை அலசவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். “எந்தம்பி மாட்டுனதுதான் கோளாறா?”

வலையைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டே, “ஆமா” என்றேன்.