பதினாலு பார்சலும் ஒரு பிரிட்ஜும்

மூன்று நாளாக எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் குளிரவில்லை. மேலே ஃப்ரீசரில் பனி கட்டுகிறது, கீழே பால் திரைகிறது.

அம்மா புதுசு வேண்டும் என்றார். அப்பா பாமன்கடைச் சந்தியிலிருந்து பிரிட்ஜ் திருத்துகிற பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார்.

பாஸ் ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே பதினாலு பார்சல் மிளகாய்த்தூள். எல்லாம் யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் வறுத்து இடித்து, லண்டன் உறவுகளுக்காக, அங்கே போகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி அம்மாவுக்கு அனுப்பியவை.

“நோனா,” என்று பாஸ் அம்மாவை மரியாதையாகக் கூப்பிட்டார், “பிரிட்ஜில பிழையில்ல. குளிர்க்காத்து கீழ வாற ஓட்டையை இதுகள் அடைச்சிட்டுது. வெளியில எடுங்க.”

“ஐயோ, வெளியில வச்சா வண்டு பிடிச்சிடும்!”

“அப்ப தூளோ, பிரிட்ஜோ?” என்று அப்பா கேட்டார்.

அம்மா வெளியே எடுத்த பார்சல்களை எண்ணத் தொடங்கினார்.

“லண்டன் கடையிலயும் தூள் விக்கிறாங்களாம் அம்மா,” என்று உதவிக்கு வந்தேன்.

“விசரா, அதில உறைப்பிருக்கோ?”

பாஸ் போய்விட்டார். பார்சல்கள் திரும்ப ஃப்ரீசருக்குள் போய்விட்டன.

ஆகவே நண்பர்களே, இந்த வாரம் யாராவது லண்டன் போகிறீர்களா? பெட்டியில் ஏழு கிலோ இடமிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். உங்களை எங்களுக்கு முன்பின் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விமான நிலையத்துக்கு வந்து அம்மா அழுது வழியனுப்புவார்.