அம்மன் பிடித்து வைத்திருந்த சக்கரம்

போன வருஷம் ஆடி மாதம், கவரைப்பேட்டையிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகிற வழியில் ஒரு சின்ன கிராமத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் என்னோடு பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் தோழியின் ஊர். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறோம், கட்டாயம் வரணும் என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். நாங்கள் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். ஆனால் கூழுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் மதம் ஏது? போனேன்.

கூழை வாங்கிக்கொண்டு நிழல் தேடிக் கோவிலின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போனேன். அங்கே அம்மன் ஊர்வலம் போகிற சகடை நின்றது. சக்கரம் வைத்த பெரிய மர மேடை. பின்சக்கரம் இரண்டும் இரும்பு, முன்சக்கரம் இரண்டில் மட்டும் ரப்பர் டயர். அந்த டயரின் நடுவே, துருவுக்கும் குங்குமத்துக்கும் அடியில், ஒரு வட்ட மூடி. மூடியில் புடைப்பாக இரண்டு எழுத்து. அதைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பு நழுவி, கூழ் முழுக்கப் புடவையில் கொட்டியது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். அவர் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். சில வருஷங்களுக்கு முன் மிஷினில் வலது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. மனுஷன்தான் ஆறவில்லை. வெளியே போனால் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, ஞாயிறு பூசை, எதற்கும் வர மாட்டார். கம்பெனியில் கேட்டில் உட்காருகிற வேலை தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். அதற்கும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நானும் திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். ஊமைக்கும் செவிடனுக்கும் குடித்தனம் நடந்த மாதிரிதான் இருந்தது.

ஒரு நாள் மனை பார்க்கலாம் என்று வம்படியாகத் திருநின்றவூருக்கு இழுத்துப் போனேன். பழைய மரவாடி ஒன்றை இடித்து மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மனையைப் பார்த்தேன். அவர் மூலையில் கிடந்த பிக்கப் வண்டியைப் பார்த்தார். எங்கள் அப்பாக்கள் அரை டிராயர் போட்ட காலத்து வண்டி. அதைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது. தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, பின்னால் மரப் பலகை போட்ட தொட்டி. மரவாடிக்காரர் அதன் இன்ஜினை ரம்பம் ஓட்டுவதற்கு வைத்திருந்தாராம். முன்சக்கரம் இரண்டையும் தாங்குகிற ஆக்ஸிலை யாரோ எப்போதோ சக்கரத்தோடு கழற்றிப் போய்விட்டதால், முன்பக்கம் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோபத்தில் நான் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் எட்டாம் நாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே, வண்டியை நிறுத்தியிருந்த எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. அதற்குமேல் நான் எப்படிக் கோபப்படுவது?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே திருவிழாதான். சாமானைத் தேடி அவர் போனில் பேசுவார். நேரில் போய்ப் பேரம் பேசி வாங்கி வருவது நான். விளக்குக் கண்ணாடி வேப்பம்பட்டில் ஒரு சைக்கிள் கடைப் பரணில் கிடைத்தது. கார்புரேட்டரை எல்லை தாண்டி ஒரு மாந்தோப்பில், தண்ணீர் இறைக்கிற பழைய இன்ஜினிலிருந்து கழற்றி வந்தேன். ஒவ்வொன்றும் கிடைக்கிற அன்றைக்குக் கேசரி. பின்சக்கரத்து மூடி இரண்டையும் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியது நான்தான். அந்த இரண்டு எழுத்தை என் விரல் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லும்.

இன்ஜின் ஓடிவிட்டது. பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. முன் ஆக்ஸில் மட்டும் எங்கேயும் இல்லை. ஒரு ஜீப்பின் ஆக்ஸிலை வாங்கி, புது பேரிங் போட்டுத் தயார் பண்ணிப் பார்த்தார். அகலம் ஒத்துவரவில்லை. நிற்க முடியாத வண்டியை எதிரில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தேடினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டகைச் சத்தம் குறைந்தது. பகலில் மறுபடி பாய் விரிக்க ஆரம்பித்தார். இது கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் திரும்பவும் சுவர்ப் பக்கம் போய்விடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் கூழைக் கொட்டினேன் என்று?

கூழ் சொட்டச் சொட்டச் சகடைக்கு அடியில் குனிந்து, வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"கொஞ்சம் கீழ காட்டும்மே. இன்னும் கீழ... யம்மா, அதேதான்மே! நகராத, அங்கியே இரு!" என்று கத்தினார். நான் நகர்ந்தால் ஆக்ஸில் எழுந்து ஓடிவிடும் என்று நினைத்தார் போல. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போனதைக் கேட்டேன்.

தோழி என்னைத் தர்மகர்த்தாவிடம் அழைத்துப் போனாள். மனுஷர் முதலில் அதிர்ந்துவிட்டார்.

"இன்னாம்மா, சாமி வண்டியக் கழட்டிக் குடுன்னு கூசாம கேக்குற?"

"சும்மா கேக்கலைங்க. புது பேரிங் போட்ட ஜீப் ஆக்ஸில் நாங்க மாட்டித் தர்றோம். இப்ப இருக்கிறது ஒரு முழம் நகர ஊரே கூடி இழுக்கணும்னு சொன்னாங்களே" என்றேன்.

அது உண்மைதான் என்பதால் தாடையைச் சொறிந்தார். "நான் யாரு குடுக்க? அவளக் கேப்போம். வெள்ளிக்கிழமை காலைல பூப் போட்டுப் பாக்கலாம். வெள்ளைப் பூ வந்தா எடுத்துக்கினு போ. ஆனா சாயந்திரம் காப்புக் கட்டிருவோம். அதுக்கப்புறம் திருவிழா முடியற வரைக்கும் ஊர்வலத்துக்குத் தவிர சகடைய யாரும் தொடக்கூடாது. அதுக்குள்ள மாட்டிக் குடுத்துரணும், ஆமா."

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஜீப் ஆக்ஸிலை ஏற்றிக்கொண்டு இவரும் வந்தார். வராமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஊர் வந்ததும் முன் சீட்டை விட்டு இறங்கவில்லை. "அவங்க பசங்களே மாட்டட்டும். நான் இங்கேர்ந்து பாத்துக்கறேன்" என்றார். கை பாக்கெட்டுக்குள் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, கூட்டம் இல்லாவிட்டால் அங்கேயே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பேன்.

சன்னதியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார்கள். ஒரு பெண் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "மாதாவே, அம்மா தாயே, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று வேண்டிக்கொண்டேன். மடிப்பைப் பிரித்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளை!

பையன்கள் சகடையை ஜாக்கியில் தூக்கினார்கள். சக்கரத்தைக் கழற்றினால்தான் அதற்குப் பின்னால் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் கைக்கு எட்டும். வலது சக்கரம் பத்து நிமிஷத்தில் கழன்றது. இடது சக்கரத்தில் ஒரு நட்டுகூட அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டார்கள். சுத்தியால் தட்டினார்கள். ஸ்பேனரில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி ஒருவன் ஏறி நின்றான். ம்ஹூம்.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அந்த இடது சக்கரம் அம்மன் பிடித்து வைத்திருக்கும் சக்கரமாம். பஞ்சரானால்கூடக் கழற்றாமல் அப்படியே வைத்துத்தான் ஒட்டுவார்களாம். தர்மகர்த்தாவின் முகம் சுண்டிவிட்டது. "பூவக் குடுத்தா. சக்கரத்தக் குடுக்க மாட்டேங்குறாளே" என்றார்.

இரண்டாவது பையனும் பைப்பில் ஏறினான். நட்டுக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.  போல்ட் முறிந்தால் காப்புக் கட்டுவதற்குள் சரிசெய்ய முடியாது, திருவிழாவில் அம்மனுக்கு வண்டி இல்லை. காலங்காலமாக ஓடிய சகடையை வேற்று ஊர்க்காரர்கள் வந்து நொண்டியாக்கினார்கள் என்று ஆகிவிடும்.

ஓடிப் போய்க் குட்டி யானைக் கதவைத் திறந்தேன். இவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். "உல்டா திருப்பறானுங்கமே. அது லெப்ட் சைடு, உல்டா மரை" என்று முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்களேன்!"

"நீ போய்ச் சொல்லு."

"நான் சொன்னா எவன் கேப்பான்? எறங்குங்க!"

அப்போது மூன்றாவது பையன் பைப்பில் காலை வைத்தான். அதைப் பார்த்ததும் இவருக்கு என்ன ஆனதோ, "டேய், நிறுத்துங்கடா! எறங்குங்கடா!" என்று கத்திக்கொண்டு குதித்து ஓடினார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினார். வலது கை வெளியே வந்தது அவருக்கே தெரியாது.

கூட்டம் விலகியது. சக்கரத்துக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூன்று விரலால் ஸ்பேனரைச் சுற்றிப் பிடித்தார். வலது பக்கமாக அழுத்தினார்.

"அண்ணா, அது டைட் ஆவுற பக்கம்ணா!" என்று ஒருவன் பதறினான்.

 இவர் நட்டின்மேல் நாலு தட்டு தட்டி, மறுபடி அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.  நான் மாதாவைக் கூப்பிட்டேனா அம்மனைக் கூப்பிட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 'டக்'கென்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது! அப்புறம் விரலாலேயே சுற்றிக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினார். குலவைச் சத்தத்தில் தகரக் கொட்டகை அதிர்ந்தது. நானும் போட்டேன். எனக்குக் குலவை போட வரும் என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பையன்களைச் சுற்றி உட்காரவைத்து விளக்கினார். ஓட ஓட நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அந்தக் காலத்துச் சில வண்டிகளில் இடது பக்கத்துக்கு மட்டும் மரையைத் தலைகீழாகப் போடுவார்களாம். அது தெரியாமல் எங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் இவரே வேலை தொடங்கிய முதல் நாள் ஒரு போல்ட்டை முறித்தவர்தான். இத்தனை வருஷமும் இந்த ஊரில் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தர்மகர்த்தா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம் திருப்பினா இன்னா நைனா? யார் கையில கழலணும்னு அவ வெச்சிக்கினு இருந்தா பாரு, அதச் சொல்லு" என்றார். இவர் அப்போதுதான் தன் கையைக் குனிந்து பார்த்தார். கிரீஸும் குங்குமமுமாக இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

மதியத்துக்குள் ஜீப் ஆக்ஸில் ஏறிவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அதுவரை கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்த சகடை, தோழியும் நானும் மட்டும் இழுத்ததற்கே கடகடவென்று ஓடிவந்தது. "இதுல உல்டா கில்டா எதுவும் இல்லியே?" என்று தர்மகர்த்தா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

புறப்படலாம் என்று பார்த்தால் விடவில்லை. கோவில் எதிரில் பந்திப்பாய் விரித்து இலை போட்டுவிட்டார்கள்.  இந்தக் கை இப்படி ஆனதிலிருந்து வெளியாள் முன்னால் இவர் ஒரு வாய் சோறு தின்றதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அழைத்துப் போய்விடலாம் என்று நான் திரும்புவதற்குள், கையைக் கழுவிவிட்டு பையன்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். சாம்பாரைப் பிசைந்தார். விரல் இல்லாத இடைவெளியில் பருக்கை சிந்தியது. சிந்தினதைப் பற்றிக் கவலைப்படாமல், பக்கத்துப் பையனிடம் பேரிங்குக்கு எந்த கிரீஸ் வைக்கணும் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்று கேட்டு வாங்கினார். எதிர் வரிசையில் இருந்த எனக்கு இலை கண்ணுக்குத் தெரியவில்லை. மிளகாய் காரம் என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிக்கப் இப்போது சொந்தக் காலில் நின்று ஊரெல்லாம் ஓடுகிறது. பார்க்கிறவர்களிடம் எல்லாம், கிடைக்காத ஆக்ஸிலைத் தேடிக் கண்டுபிடித்த கதையை இவர் சலிக்காமல் சொல்கிறார். நான் குறுக்கே பேசுவதில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது எனக்குக் கிடைத்தது அந்தப் பந்தியில்தான்.