பொய் சொல்லாத மிஷின்

போன வாரம் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தேன், மீசையையும் சேத்து. மறுநா துணிக்கடை குடோனுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனா, வாசல்ல மாட்டியிருக்கிற மூஞ்சி பாக்குற மிஷினுக்கு என்னையத் தெரியல. பல்ல இளிக்கிறேன், கண்ண உருட்டுறேன், அது செவப்பு வெளக்கப் போட்டு கிர்ருங்குது. ஹெச்ஆர் பாப்பாவுக்குப் போன் போட்டேன். "அங்கிள், ஃபேஸ் மேட்ச் ஆகல. ஆப்ல ரெக்வஸ்ட் போடுங்க"ன்னுச்சு. அதச் சொல்லிக் குத்தமில்ல. சென்னைல உக்காந்திருக்கு, என் மூஞ்சிய ஒருநாளும் பாத்ததில்ல. பாக்காத வரைக்கும் அதுக்கும் நல்லதுதான்.

மண்டைல சந்தனம் இன்னும் கமகமன்னு இருந்துச்சு. அந்த வாசத்துக்குப் பின்னாடியே ஞாபகத்துல வந்து நின்னாரு பிரகாசம் சார்.

எண்பதுகள்ல நடந்தது. நான் ஒம்பதாப்ப ரெண்டு தடவ படிச்சவன், அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு. பெறகு மதுரைல ஒரு பஞ்சாலைல பதிலி ஆளாச் சேந்தேன். பதிலின்னா, வராதவன் எடத்துல நிக்கிறவன். எவனுக்காச்சும் காச்சல் வந்தாத்தான் நமக்கு வேல. காலைல எந்திரிச்சதும் ஊருக்கே காச்சல் வரணும்னு சாமி கும்பிட்ட பாவி நானு.

கேட்டுப் பக்கத்துல டைம் ஆபீஸ். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிரகாசம் சார். மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்ச மனுசன், கையெழுத்து கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கும். யாரு வந்திருக்கான்னு நிமிந்தே பாக்கமாட்டாரு. இருமலு, செருப்புச் சத்தம் போதும், நம்பர் போட்ட பித்தளை டோக்கன எடுத்து நீட்டுவாரு, அதான் அட்டெண்டன்ஸ். அஞ்சு நிமிசம் லேட்டுன்னா, கண்ணாடியக் கழத்தி கர்சீப்பால தொடைப்பாரு. தொடச்சு மாட்டுறதுக்குள்ள நம்ம உள்ள ஓடிறணும். இதெல்லாம் எந்த ரூல் புஸ்தகத்துலயும் கெடையாது.

அங்கதான், வந்த நேரத்தக் கார்டுல குத்துற பஞ்சிங் மிஷின் வந்து எறங்குச்சு. மேனேஜரு அதுக்கு சந்தனம் அப்பி, குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி செவுத்துல மாட்டினாரு. பிரகாசம் சாரு மொதல்ல அத மொறச்சுப் பாத்தாரு. "இனி எனக்கு இங்கன என்னடா சோலி?"ன்னாரு. பத்தே நாள்தான். புதுமாப்ள கணக்கா அது பின்னாடியே சுத்த ஆரம்பிச்சுட்டாரு. தெனம் காலைல தொடைக்கிறதென்ன, எண்ண போடுறதென்ன! "இது பொய் சொல்லாதுடா, உங்கள மாதிரியா?"ம்பாரு.

ஏழு மணி தாண்டிக் குத்தினா கார்டுல செவப்பு எழுத்து விழும். மூணு செவப்பு விழுந்தா பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு காலின்னுட்டாரு லேபர் ஆபீசர். என் கூட்டாளி முத்தையா திருமங்கலத்துக்காரன். பஸ்ஸு புண்ணியத்துல ஏற்கெனவே ரெண்டு செவப்பு வாங்கிட்டான். அந்த லிஸ்ட்ல பேரு இருக்குன்னுதான் அவன் மாமனாரு பொண்ணு தரவே தலையாட்டியிருந்தாரு.

ஒருநா ஏழடிக்க அஞ்சு நிமிசம், பயலக் காணோம். சரி, மூணாவது செவப்புதான், கல்யாணம் போச்சுன்னு பதறிப்போயி, என் கார்டோட அவன் கார்டையும் உருவி டங்குன்னு ஒரு குத்து. எம்புட்டு நல்லவன் பாருங்க நான்.

ஒம்பது மணிக்கு டீ குடிக்க டைம் ஆபீஸ் பக்கம் வாரேன். உள்ள லேபர் ஆபீசர் முன்னாடி, கஞ்சி போட்ட வெள்ளச் சட்டைல, வெத்தல பாக்குத் தட்டோட நிக்கிறான் முத்தையா.

"குடும்பத்தோட கல்யாணத்துக்கு வரணும் சார். பத்திரிகை குடுக்க இன்னைக்கு ஒருநா லீவும் வேணும்."

ஆபீசர் லீவு எழுத அவன் கார்ட எடுத்தாரு. பாத்தாரு. "ஆறு அம்பத்தஞ்சுக்கே உள்ள போயிட்டயேப்பா. அப்ப இங்க நிக்கிறது யாரு, ஒன் தம்பியா?"

முத்தையா என்னையப் பாத்தான். நாந்தான்னு சொல்ல வாயத் தொறந்தேன். தொறந்த வாய்க்கு ஒரு கொட்டாவிய விட்டு மூடிட்டேன்.

"ஆள் மாத்திக் குத்தியிருந்தா ரெண்டு பேரும் வெளிய. பிரகாசம், யாருய்யா குத்தினது?"

நான் குத்துறப்ப மிஷின் பக்கத்துலயே எண்ணக் கிண்ணத்தோட நின்ன ஆளு அவரு. கண்ணாடியக் கழத்தினாரு. தொடச்சாரு. ரொம்ப நேரம் தொடச்சாரு.

"மிஷின் கோளாறு சார். நேத்து ரெண்டு தடவ அடிச்சிருக்கு. ஒண்ணு இன்னைக்குக் கட்டத்துல விழுந்திருச்சு."

"அது பொய்யே சொல்லாதுன்னு நீதானய்யா பீத்துன?"

"பீத்துனேன் சார். தப்பாப் பீத்திட்டேன்."

மிஷினக் கழத்தி ரிப்பேருக்கு அனுப்பிட்டாங்க. பதினஞ்சு நா மறுபடி பித்தளை டோக்கன். செவுத்துல மிஷின் இருந்த எடத்த அப்பப்பப் பாத்துக்குவாரு பிரகாசம் சாரு. என் டோக்கன மட்டும் கையில தராம பலகைல ணங்குன்னு போடுவாரு. மிஷின் திரும்பி வந்துச்சு, ஒரு கோளாறும் இல்லன்னு சீட்டோட. அன்னைக்குத்தான் எங்கூடப் பேசினாரு. "ஒரு கார்டுதான் எடுக்கணும். எண்ணத் தெரியும்ல, ஒம்பதாப்பு ரெண்டு தடவ படிச்சவன்தான?"

முத்தையா அவன் கல்யாணப் பந்தியில எனக்கு ரெண்டு எல போட்டான். "அடுத்தவனுக்கும் சேத்துக் குத்துவியே மாப்ள, சேத்துத் தின்னு."

இப்ப மில்லு இல்ல, அங்க அடுக்குமாடி வீடு நிக்கிது. டைம் ஆபீஸ் இருந்த எடத்துல காரு நிப்பாட்டுறாங்க. அன்னைக்கு வராதவன வந்துட்டான்னுச்சு மிஷினு, இன்னைக்கு வந்து நிக்கிறவன வரலங்குது. "முடி வளந்தா சரியாயிரும் அங்கிள்"ங்குது பாப்பா.

ஒருவேள தூசியா இருக்குமோன்னு, கர்சீப்ப எடுத்து அது கண்ணாடிய நானே தொடச்சு விட்டேன். நல்லாத் தொடச்சேன். பழையபடி கிர்ருன்னுச்சு.